"பழைய மேசையின் நிறம் வேண்டும்": மாதிரிப் பலகை இல்லாமல் வாக்குக் கொடுக்க வேண்டாம்

மலையகத்தில் தளபாட வியாபாரம் செய்யும் எமது சகோதரர்களிடமிருந்து அண்மைக் காலமாக ஒரே விதமான முறைப்பாட்டை அடிக்கடி கேட்கிறேன். "மேசையின் அளவு சரி, மரம் சரி, வேலைப்பாடும் சரி. ஆனால் நிறம் கேட்டபடி இல்லை என்று சொல்லி மீதிப் பணத்தைத் தர மறுக்கிறார்கள்" என்பதே அது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் சிறு பட்டறைகளை நடத்துபவர்களுக்கு ஒரு பெரிய மேசையின் மீதிப் பணம் முடங்குவது சிறிய விடயமல்ல. அடுத்த ஓடருக்கு மரம் வாங்கும் பணமும் பாஸ்மாரின் கூலியும் அதற்குள்தான் இருக்கின்றன.

இந்த முறைப்பாடு ஏன் இப்போது அதிகரித்திருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கந்தப்பளையில் கைவிடப்பட்டிருந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996ல் ஹோட்டலாக மாறியது. 2005ல் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் பழைய துரைமார் பங்களாக்கள் 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்ற பெயரில் உல்லாசப் பயணிகளுக்குத் திறக்கப்பட்டன. பழமை என்பதே விலை போகும் பண்டம் என்பதை இவை காட்டின. அதன் பின்னர் சிறிய பங்களாக்களும் விருந்தினர் விடுதிகளும் அதே வழியில் இறங்கின. 2024ல் நாட்டுக்கு வந்த உல்லாசப் பயணிகளின் தொகை 20 இலட்சத்தைத் தாண்டியது. இவர்களை எதிர்பார்த்து அறைகளை அலங்கரிப்பவர்கள் பளபளக்கும் புதிய மேசையைக் கேட்பதில்லை. நூறு வருடம் பாவித்தது போன்ற, கரடுமுரடான, மங்கிய நிறமுள்ள மேசையைக் கேட்கிறார்கள். அதற்கு 'ரஸ்டிக்' என்று பெயரும் சொல்கிறார்கள்.

இது எமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு என்பதே என் கருத்து. இறக்குமதியாகும் அமுக்கப் பலகைத் தளபாடங்களோடு விலையில் போட்டியிட எமது பட்டறைகளால் முடியாது. அவற்றின் மீது ஒட்டப்பட்டிருக்கும் மர ரேகை வெறும் அச்சுத் தாள். ஆயிரம் மேசைக்கும் அதே ரேகை, அதே நிறம். வாடிக்கையாளர் கேட்ட நிறத்தை உண்மையான மரத்தில் கொண்டுவரும் கைவேலையைத்தான் நாம் விற்க முடியும். ஆனால் அந்த வேலைக்குரிய ஒழுங்கு இல்லாமல் வாயால் வாக்குக் கொடுத்து ஓடர் எடுத்தால், வாய்ப்பு வம்பாக மாறிவிடும்.

புகைப்படம் மாதிரி ஆகாது

இன்று பெரும்பாலான ஓடர்கள் வட்ஸ்அப்பில் வரும் ஒரு படத்தோடுதான் ஆரம்பிக்கின்றன. "இதே போல் வேண்டும்" என்கிறார் வாடிக்கையாளர். "செய்து தரலாம்" என்கிறார் கடைக்காரர். பிணக்கின் விதை அந்த இரு வசனங்களில் இருக்கிறது.

கடந்த வருடம் இவ்வாறான ஒரு பிணக்கில் இரு தரப்பினரும் என்னை நடுவில் இருந்து பேசச் சொன்னார்கள். ஒரு விருந்தினர் பங்களாவுக்காக எட்டு அடி நீளமான சாப்பாட்டு மேசை. முகாமையாளர் அனுப்பிய படத்தில் இருந்தது சாம்பல் கலந்த கபில நிறம். பட்டறையில் மஹோகனியில் மேசை செய்து, கடையில் விற்கும் ஸ்டெயினைப் பூசி, வார்னிஷ் அடித்து அனுப்பியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் மேசை சிவந்து நின்றது. "படத்தைப் பார்த்து அதே டின்னைத்தான் வாங்கினோம்" என்றார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. "படத்தில் சிவப்பு எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் முகாமையாளர். அவரும் பொய் சொல்லவில்லை. நடுவில் அகப்பட்டவர் பொலிஷ் வேலை செய்த இளைஞர். நிறம் பிழைத்ததற்காக அவருடைய ஐந்து நாள் கூலி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

இதில் நடந்தது என்ன? வெளிநாட்டுப் படங்களில் நாம் பார்க்கும் இத்தகைய மேசைகளில் அநேகமானவை ஓக் மரத்தில் அல்லது பழைய பைன் பலகையில் செய்யப்பட்டவை. ஸ்டெயின் என்பது சுவருக்கு அடிக்கும் பெயின்ட் போல அடியில் இருப்பதை மறைப்பதில்லை. மரத்தின் சொந்த நிறம் அதற்குள்ளால் தெரியும். ஆகவே இறுதியில் கண்ணுக்குத் தெரிவது மரத்தின் நிறமும் ஸ்டெயினின் நிறமும் மேலே பூசும் வார்னிஷின் சாயலும் சேர்ந்த ஒன்று. டின்னின் மூடியில் ஒட்டியிருக்கும் நிறம் வேறு ஏதோ ஒரு மரத்தில் பூசப்பட்டது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம்

எமது பட்டறைகளில் புழங்கும் மரங்களையே எடுத்துக் கொள்வோம். மஹோகனியின் அடியில் சிவப்பு இருக்கிறது. சாம்பல் நிறம் வேண்டுமானால் முதலில் அந்தச் சிவப்பை அடக்க வேண்டும். சிவப்பை அடக்குவது பச்சை. ஸ்டெயினில் மிகச் சிறிதளவு பச்சைச் சாயம் சேர்த்தால் சிவப்பு கபிலமாக இறங்கும். பலா மரம் புதிதாக அறுக்கும் போது மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டு வருடக் கணக்கில் கபிலமாகும். புதிய பலாவில் சாம்பல் நிறத்தைப் பூசினால் பச்சை தட்டும். இன்று சரியாக வந்த நிறமும் நாளடைவில் கருமையாகும். தேக்கில் இயற்கையான எண்ணெய் இருப்பதால் சில பூச்சுகள் அதில் காயப் பிந்தும்.

மலையகத்தில் மலிவாகக் கிடைக்கும் பைனஸ் இன்னொரு விதம். அதன் வெளிர் பகுதி மென்மையானது. ஸ்டெயினை உறிஞ்சிக் குடிக்கும். கடினமான ரேகைப் பகுதி குடிக்காது. இதனால் பூசிய பின் வெளிர் இடம் கருமையாகவும் கருமை இடம் வெளிராகவும் தலைகீழாக மாறும்; திட்டுத் திட்டாகவும் தெரியும். ஐதாக்கிய ஷெலக்கை ஒரு தடவை பூசி, காய்ந்த பின் ஸ்டெயின் பூசினால் இது பெரிதும் குறையும். அதே மென்மை வேறு ஒரு வேலைக்கு உதவியாகவும் இருக்கிறது. கம்பிப் பிரஷால் ரேகையின் போக்கில் தேய்த்தால் மென்மையான பகுதி கழன்று கடினமான ரேகைகள் மேலே நிற்கும். தேய்ந்து போன பழைய பலகையின் தோற்றம் பைனஸில் இப்படி இலகுவாக வரும். மஹோகனியில் எவ்வளவு தேய்த்தாலும் அப்படி வராது.

பழைய மரம் ஏன் சாம்பலாகிறது என்பதையும் தெரிந்திருப்பது நல்லது. மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருளை வெயில் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிச் செல்ல வெளிறிய நார் மிஞ்சுகிறது. இது மேல் தோலில் மாத்திரமே நடக்கும். பழைய தொழிற்சாலைப் பலகையை வாங்கி வந்து சீவுளி போட்டால், பணம் கொடுத்து வாங்கிய பழமையைச் சீவித் தள்ளியவர்களாவோம்.

இந்த நிறத்தைச் செயற்கையாகக் கொண்டுவர ஒரு பழைய வழி உண்டு. தேயிலை நாட்டில் இருக்கும் எமக்கு அது மிகவும் பொருந்தும். இரும்புக் கம்பளியை வினாகிரியில் சில நாட்கள் ஊறவிட்டால் இரும்பு கரைந்த ஒரு திரவம் கிடைக்கும். அது மரத்திலுள்ள டெனின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேரும் போது மரம் சாம்பலாகவோ கருமையாகவோ மாறும். ஓக், மஹோகனி போன்றவற்றில் டெனின் இயல்பாகவே உண்டு. பைனஸில் அது குறைவு. அதற்கு டஸ்ட் தேயிலையைக் கடும் சாயமாகக் காய்ச்சி, முதலில் பலகையில் பூசிக் காயவிட்டு, அதன் மேல் இந்தத் திரவத்தைப் பூசினால் சில நிமிடங்களில் நிறம் ஏறுவதைக் காணலாம். இரு எச்சரிக்கைகள். ஊறும் போது எரியக்கூடிய வாயு வெளியாவதால் போத்தலை இறுக மூடக் கூடாது. மேலும், பலகைக்குப் பலகை டெனின் வேறுபடுவதால் ஒரே மேசையின் இரு பலகைகள் இரு நிறமாக வரலாம். எனவே பூசுவதற்கு முன் ஒவ்வொரு பலகையின் மறைவான பக்கத்திலும் ஒரு முறை பூசிப் பார்க்க வேண்டும்.

மாதிரிப் பலகை என்ற சாட்சி

இவ்வளவு வேறுபாடுகள் இருக்கும் போது, வெறும் பேச்சில் "அதே நிறம்" என்று சொல்வது தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பேற்பதாகும். இதற்கு ஒரே மருந்து மாதிரிப் பலகை. அதுவும் முறையாகச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

மேசைக்கு எடுத்த அதே மரத்தின் துண்டாக அது இருக்க வேண்டும். தீப்பெட்டி அளவான துண்டு கண்ணை ஏமாற்றும். ஒரு அடிக்கு ஒரு அடியாவது வேண்டும். மேசைக்குப் போடும் அதே இலக்கச் சாண்ட்பேப்பரையே மாதிரிக்கும் போட வேண்டும். 120ஆம் இலக்கத்தில் நிறுத்திய மரம் அதிகமாகக் குடிக்கும், 220 வரை தேய்த்த மரம் குறைவாகக் குடிக்கும், நிறம் வேறாகும். மிக முக்கியமாக, இறுதி வார்னிஷ் வரை பூசிய பின்னரே வாடிக்கையாளரிடம் காட்ட வேண்டும். காய்ந்த ஸ்டெயின் மங்கலாகத் தெரியும். வார்னிஷ் பட்டதும் ஆழமாகும். பளபளப்பு வார்னிஷில் ஒரு நிறம், மெட் வார்னிஷில் இன்னொரு நிறம்.

பார்க்கும் இடமும் முக்கியம். பட்டறையின் டியூப் வெளிச்சத்தில் ஒத்துப்போன இரண்டு நிறங்கள் பங்களாவின் மஞ்சள் விளக்கில் ஒத்துப் போகாமல் விடலாம். நுவரெலியாவின் பனிமூட்டப் பகல் வெளிச்சத்தில் அதே நிறம் நீலம் தட்டித் தெரியும். மேசை போடப்படும் அறையிலேயே பகலிலும் இரவிலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு மாதிரியோடு நிற்காமல், ஏற்றுக்கொள்ளக்கூடிய மிக வெளிர் நிறத்துக்கு ஒன்றும் மிகக் கருமையான நிறத்துக்கு ஒன்றுமாக இரண்டு செய்வது இன்னும் நல்லது. மரம் அல்லாஹ்வின் படைப்பு. ஒரே மரத்தின் இரு பலகைகளே ஒன்று போல் இருப்பதில்லை. "இதற்கும் இதற்கும் இடையில் இருக்கும்" என்று சொல்வது உண்மையான வாக்கு. "அச்சொட்டாக இருக்கும்" என்பது எம்மால் நிறைவேற்ற முடியாத வாக்கு. இருவரும் இணங்கிய பின் பலகையின் பின்புறத்தில் திகதியிட்டு இருவரும் கையொப்பமிட்டு, அதை இரண்டாக அறுத்து, பாதியை வாடிக்கையாளரிடமும் பாதியைக் கடையிலும் வைக்க வேண்டும்.

நான் மேலே சொன்ன பிணக்கும் இப்படித்தான் தீர்ந்தது. மூன்று மாதிரிகள் செய்து முகாமையாளர் ஒன்றைத் தெரிவு செய்தார். மேசையின் மேற்பலகை மரம் தெரியும் வரை தேய்க்கப்பட்டு மீண்டும் பூசப்பட்டது. பொருட்செலவை பங்களாவும் உழைப்பை கடையும் ஏற்றுக்கொண்டன. இளைஞரின் ஐந்து நாள் கூலி முதலில் கொடுக்கப்பட வேண்டும் என்பதை நான் நிபந்தனையாக வைத்தேன். அவர் சொன்னதைச் செய்தவர். நிறத்தைப் பேசி முடித்தது அவரல்ல. வியர்வை காய முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், தமது பேச்சுப் பிழையை லயத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு பிள்ளையின் கூலியில் ஈடுசெய்வது எந்த வகையில் நியாயம்?

மார்க்கமும் சட்டமும் சொல்வது

ஓடரின் பேரில் பொருள் செய்விப்பது எமது மார்க்கத்துக்குப் புதியதல்ல. நபி (ஸல்) அவர்கள் ஓர் அன்ஸாரிப் பெண்மணியிடம் ஆளனுப்பி, அவருடைய தச்சுப் பணியாளரைக் கொண்டு தமக்கு மிம்பர் செய்து தரும்படி கேட்டதும், அல்ஃகாபா என்ற இடத்து மரத்தால் அது செய்யப்பட்டதும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன. ஃபிக்ஹு நூல்கள் இத்தகைய ஒப்பந்தத்தை 'இஸ்திஸ்னா' என்கின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் இது ஸலம் வியாபாரத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. விலை முழுவதும் முன்கூட்டியே கொடுக்கப்பட வேண்டும். எனினும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகடமி 1992ல் ஜித்தாவில் கூடி, இஸ்திஸ்னா இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் என்றும், விலையைப் பிற்படுத்தவோ தவணையாகக் கொடுக்கவோ முடியும் என்றும் தீர்மானித்தது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பொருளின் இனம், வகை, அளவு, வேண்டப்படும் தன்மைகள் ஆகியன தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். "பழையது போல ஒரு நிறம்" என்பது தெளிவான தன்மையா என்பதை நாமே கேட்டுக் கொள்வோம். கடனை எழுதி வைத்து சாட்சியும் வைக்கும்படி சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் ஏவுகிறது. கையொப்பமிட்ட மாதிரிப் பலகை எழுத்தும் சாட்சியும் சேர்ந்த ஒன்று.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறானதல்ல. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின்படி, மாதிரி காட்டி விற்றால் பொருள் மாதிரிக்கு ஒத்திருக்க வேண்டும். ஆகவே மாதிரிப் பலகை வாடிக்கையாளரைப் போலவே வியாபாரியையும் காப்பாற்றுகிறது. ஒத்திருந்தால் அவர் மறுக்க முடியாது. ஒத்திராவிட்டால் நாம் வாதாட முடியாது.

இன்னொரு விடயத்தையும் சொல்லியாக வேண்டும். புதிய மரத்துக்குப் பழைய தோற்றம் கொடுப்பது ஏமாற்று ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். வாங்குபவர் அறிந்தே கேட்டால் அது ஒரு அலங்காரம். துணிக்குச் சாயம் போடுவது போன்றது. ஆனால் நேற்றுப் பூசிய பலகையை "பழைய பங்களாவிலிருந்து கழற்றியது" என்று சொல்லி விற்றால் அது தெளிவான மோசடி. மேலே காய்ந்த தானியத்தையும் உள்ளே நனைந்த தானியத்தையும் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை நாம் அனைவரும் ஜும்ஆவில் கேட்டிருக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கிறது. பற்றுச்சீட்டில் "புதிய மரம், பழமைத் தோற்றப் பூச்சு" என்று ஐந்து சொற்கள் எழுதுவதால் விலை குறைந்துவிடாது.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?"

நான் இதைச் சொல்லும் போதெல்லாம் வரும் பதில் ஒன்றே. "ஏப்ரல் சீசனுக்கு முன் பத்து ஓடர் வருகிறது. மாதிரி செய்து கொண்டிருந்தால் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துவிடுவார்." இது நியாயமான பயம்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். மாதிரிக்கு இரண்டு மூன்று நாட்கள் போகும். பூசி முடித்த எட்டு அடி மேசையைத் தேய்த்து மீண்டும் பூசுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் போகும். மேலும், கருமையாக்குவது இலகு; கருமையான ஒன்றை வெளிராக்க மரம் வரை போக வேண்டும்.

அவசரத்துக்கு எமது காலநிலையும் இடம் கொடுப்பதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரும் ஈரமும் கூடிய நேரத்தில் லக்கர் அடித்தால், தின்னர் விரைவாக ஆவியாகும் போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெண்மை பூக்கும். கொழும்பில் பிரச்சினையின்றி அடித்த அதே லக்கர் இங்கே காலைப் பனியில் பழுதாகிறது. வெயில் ஏறிய பின் அடிக்க வேண்டும். காய்வதற்கு ஒரு நாள் அதிகம் கணக்கிட வேண்டும். வாடிக்கையாளருக்குத் திகதி சொல்லும் போதே இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாதிரியை இலவசமாகச் செய்யத் தேவையில்லை. அதற்கு ஒரு கட்டணத்தை வெளிப்படையாக வாங்கி, ஓடர் உறுதியானால் மொத்த விலையில் கழித்து விடுங்கள். உண்மையாக வாங்க வருபவர் அதைக் கொடுப்பார். விலை மட்டும் கேட்க வந்தவர் போய்விடுவார், அதில் நட்டமில்லை. ஓடர் படிவத்தில் பின்வருவனவும் இருக்கட்டும்:

1. மரத்தின் பெயர், அது புதியதா பழையதா என்பது.
2. மாதிரிப் பலகையின் இலக்கமும் திகதியும்.
3. மேற்பூச்சின் வகையும் பளபளப்பின் அளவும்.
4. இயற்கையான ரேகை வேறுபாடும், காலப்போக்கில் வெளிச்சத்தால் ஏற்படும் நிற மாற்றமும் குறையாகக் கருதப்படாது என்பது.
5. மாதிரிக்கு ஒத்திராவிட்டால் கடை தன் செலவில் மீண்டும் பூசித் தரும் என்பது.
6. மாதிரியை ஏற்றுக்கொண்ட பின் வாடிக்கையாளர் நிறத்தை மாற்றினால் அதற்கான மேலதிகக் கட்டணம்.

ஐந்தாவதை எழுதத் தயங்குபவர்கள் ஆறாவதைக் கேட்க உரிமையற்றவர்கள்.

பொலிஷ் வேலை செய்பவர்களின் பாதுகாப்பையும் மறந்துவிடக் கூடாது. மூடிய அறையில் தின்னர் வாசத்தை நாள் முழுக்கச் சுவாசிப்பவருக்கு முறையான முகக் கவசமும் காற்றோட்டமும் கொடுப்பது முதலாளியின் கடமை. லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட வேண்டும் அல்லது தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். மரத்தூள் நிறைந்த பட்டறைக்கு ஒரு துணி போதும்.

நம்பிக்கையே முதல்

2019 ஏப்ரலுக்குப் பின்னர் எமது கடைகளைப் புறக்கணிக்கும்படி நடந்த பிரசாரத்தை இந்தப் பத்தியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2022ன் பொருளாதார நெருக்கடியில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய போது, இறக்குமதியாகும் பூச்சுப் பொருட்களின் விலை ஏறி நின்றதையும் நாம் பார்த்தோம். அந்த இரண்டு காலங்களிலும் பல கடைகளைத் தாங்கியது, இனம் மதம் பாராமல் "அவர் சொன்னால் சொன்னதுதான்" என்று நம்பி வந்த வாடிக்கையாளர்கள்தான். அந்த நம்பிக்கையை ஒரு மேசையின் நிறத்துக்காக இழப்பது மிகப் பெரிய நட்டம்.

நிறத்தைப் பற்றிய பேச்சை வாயிலிருந்து பலகைக்கு மாற்றுங்கள். முடியாததை முடியாது என்று முதலிலேயே சொல்லுங்கள். உண்மை பேசி, பொருளின் தன்மையைத் தெளிவாக்கிச் செய்யும் வியாபாரத்தில்தான் பரக்கத் இருக்கிறது. அல்லாஹ் எமது சம்பாத்தியத்தை ஹலாலானதாக ஆக்கியருள்வானாக.